ஜாவாவிலிருந்து கோட்லினுக்கு, மானாம்பதி வழியாக

உட்கார இடம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் நான் ஏறியது தப்பான பேருந்து. நடத்துநர் டிக்கெட் கொடுக்க வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. "மானாம்பதியா? இது காஞ்சிபுரம் போற வண்டிம்மா. போர்டு பாக்காம ஏறி குந்திக்கினு கீறியே" என்று விசிலை ஊதி, என்னையும் என் பெட்டியையும் சாலையோரத்தில் இறக்கிவிட்டார். ஈப்போவில் காரிலேயே போய் வந்து பழகியவள் நான். பேருந்தின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

இறங்கிய இடத்தில் மாட்டுத் தீவனக் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஷேர் ஆட்டோ வரும், நில்லுங்கள் என்றார். வந்தது. ஏற்கெனவே நிரம்பி வழிந்தது. உள்ளே மடியில் ஒரு நீலத் தார்ப்பாய்ச் சுருளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் தன் இடத்தில் பாதியை எனக்குக் கொடுத்தார். எனக்குச் சில வயது இளையவராக இருக்கலாம்.

"எங்கேர்ந்து வர்ற யக்கா?"

"மலேசியா."

"மலேசியாலேர்ந்து ஷேர் ஆட்டோலயா?"

ஆட்டோவே சிரித்தது. நானும்தான். மானாம்பதிப் பக்கம் எழிலரசி என்று ஒரு தோழி வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம எழிலு வூட்டுக்கா? போனுலயே அறுப்பு மெஷின அனுப்புமே, அந்தப் பொண்ணுதான? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா. நானும் அந்தப் பக்கந்தான். எம் பேரு தேவகி."

நாஷ்டா ஆயிற்றா என்று கேட்டார். இன்னும் பசியாறவில்லை என்றேன். எங்கள் ஊரில் காலையில் சாப்பிடுவதற்குப் பசியாறுவது என்றுதான் சொல்வோம். அது அவருக்குப் பெரிய வேடிக்கையாகிவிட்டது. திரும்ப உத்திரமேரூருக்கே வந்து இறங்கி, கடையில் உட்காரவைத்து இட்லியும் வடகறியும் வாங்கித் தந்து, "பசியாறு, பசியாறு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வடகறி எனக்குப் புதிது. பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்கு எங்கள் ஊர் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில் தருகிற பருப்புக் குழம்பெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது, இதை ஈப்போவில் சத்தமாகச் சொல்ல மாட்டேன்.

சரியான பேருந்தில் ஏறிய பிறகு தார்ப்பாயைப் பற்றிக் கேட்டேன். "வெத நெல்லு காய வெக்க" என்றார். அங்குள்ள உழவர் குழுவில் இந்த முறை விதைக்கென்று பயிர் வைத்திருப்பது தேவகி ஒருவர்தான். அடுத்த பட்டத்துக்கு அக்கம்பக்கத்தில் பலரும் அவரிடம்தான் விதை எடுப்பதாகப் பேச்சு. "இத்தினி வருசம் எங்கிட்ட யாரு கேட்டா? இப்பத்தான் நம்பி குடுத்துக்கீறாங்க. வெதைக்குன்னா ஒரு மழ படக்கூடாது யக்கா. கதிரு நனைஞ்சுதுன்னா அரிசிக்குத்தான் ஆவும், வெதைக்கு ஆவாது." சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். பொங்கல் முடிந்திருந்தது, வானம் வெளுத்துக் கிடந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு எனக்கு வெளிநாடு. தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, தேடிக் கண்டுபிடிக்கும் ஆசையும் எனக்கு இல்லை. நான் வந்தது வேலையாக. இந்தப் பக்கத்துப் பெண்ணான எழிலரசியும் நானும் முன்பு கோலாலம்பூரில் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டுக் கணவரின் நிலத்தைப் பார்க்க வந்துவிட்டாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. சுற்றுவட்டார உழவர்கள் குழுவாகச் சேர்ந்து, சீசனுக்கு வெளியூரிலிருந்து அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு எடுப்பார்கள். எந்த இயந்திரம் என்றைக்கு யார் கழனிக்குப் போக வேண்டும் என்று ஓட்டுநரின் கைப்பேசியில் காட்டுகிற ஒரு செயலியை அவள் எழுதினாள். இங்கே வயலைக் கழனி என்கிறார்கள். செயலியை எழுதியது ஜாவாவில்.

ஜாவா ஒரு கணினி மொழி. உலகத்தில் பாதி வங்கிகள் அதில்தான் ஓடுகின்றன என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். ஜாவாத் தீவின் காப்பியிலிருந்து பெயர் வந்தது என்பார்கள். எங்களுக்கு ஜாவா அண்டை வீடு, எங்கள் குடியிருப்பான தாமானிலேயே ஜாவாக்காரர்கள் உண்டு, அதனால் அந்த மொழி மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஓர் உறவுப் பாசம். கோட்லின் பின்னால் வந்தது. அதற்கும் ஒரு தீவின் பெயர்தான், ருஷ்யாப் பக்கம் குளிர்க் கடலில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு எழுதுகிறவர்கள் கூட்டம் கூட்டமாக அந்தத் தீவுக்குக் குடிபோய்விட்டார்கள். ஜாவாவிலேயே என் தலை நரைத்தது. ஆனாலும் ஜாவாவுக்கு வாரிசு பிறந்தாயிற்று என்று அலுவலகத்தில் எல்லோரோடும் சண்டை பிடித்தவள் நான்தான்.

எழில் வீட்டில் முதல் நாள் மாலையே பிரச்சினையைக் காதால் கேட்டேன். கருவாட்டுக் குழம்பும் கத்திரிக்காயுமாகத் தட்டு நிறைய வைத்துவிட்டு அவள் உட்காரும்போது போன் அடித்தது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து இயந்திரத்தோடு வந்திருந்த ஓட்டுநர் சக்தி. "அக்கா, மறுக்காவும் நின்னுபோச்சுங்க. அமுத்தினா வெள்ளையா வந்து நிக்குதுங்க." எழில் குழம்புக் கையோடு, அணைத்துப் போடச் சொன்னாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் சாந்திக்கா உங்கள வரச் சொன்னேன். எங்கியாவது ஒண்ணு காலியா இருந்தா போதும், நின்னுக்கினு பேஜார் பண்ணுது."

ஜாவாவின் பழைய வியாதி அது. பெயரோ தேதியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்தால், எழுதும்போது ஜாவா வாயைத் திறக்காது. ஓடும்போது அந்த இடத்தைத் தொட்டதும் விழுந்துவிடும். கோட்லின் அப்படி விடாது. எழுதும்போதே, இந்த இடம் காலியாக இருக்கலாமா கூடாதா என்று கேட்கும். பதில் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. இதை எழிலிடம் அன்றிரவு ஒரு கல்யாணத் தரகர் மாதிரி விளக்கினேன். பொண்ணு கொஞ்சம் கறார், ஆனால் குடும்பத்தைக் காப்பாற்றும் என்கிற தோரணையில்.

மறுநாள் வேலையில் உட்கார்ந்தோம். எழிலின் பழைய ஜாவாவில் ஒரு கழனியை விவரிக்கவே, யாருடையது, எங்கே, என்றைக்கு என்று பக்கம் பக்கமாக ஓடியது. கோட்லினில் அதை ஒரே வரியில் எழுதிக் காட்டினேன். எழில் "அட" என்றாள். உடனே அவள் ஜாவாவுக்கு வக்காலத்து வாங்கினாள். இப்போதைய ஜாவாவிலும் ரெக்கார்ட் என்று ஒன்று வந்து அதே வேலையைச் சுருக்கமாகச் செய்கிறது என்றாள். உண்மைதான். மருமகள் வந்த பிறகு மாமியார் சுரிதார் போட ஆரம்பித்த கதை அது என்றேன். ஜாவாவில் ரொம்ப காலத்துக்கு முன் எழுதியது இன்னும் பழுதில்லாமல் ஓடும், கோட்லினுக்கு அந்த வயசு ஆகட்டும் பார்க்கலாம் என்றாள் அவள்.  ஆனால் இரண்டையும் ஒரே வீட்டில் வைத்து ஓட்டலாம், பழையதை இடிக்காமலே பக்கத்தில் புதியதைக் கட்டலாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. இப்படி வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு வேலை செய்து எத்தனையோ வருடமாயிற்று. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மதியம், இயந்திரத்தின் பெல்ட் அறுந்துவிட்டது என்று எழிலை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் தனியாகத் தொடர்ந்தேன். கழனியின் தேதி என்ற இடத்துக்கு வந்தபோது கோட்லின் கேட்டது, இது காலியாக இருக்கலாமா? பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். சில பெயர்களுக்கு எதிரே தேதியே இல்லை. எங்கள் அலுவலகத்தில் இப்படிப்பட்ட பதிவுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். பாதி பதிந்துவிட்டு எழுந்து போனவர்கள், மனம் மாறியவர்கள், விரல் தவறிப் பட்டவர்கள். அவற்றைக் குப்பை என்போம். தேதி இல்லாமல் ஓட்டுநர் எப்படிப் போவார்? தேதி காலியாக இருக்கக் கூடாது என்று பதில் சொன்னேன். தேதி இல்லாத பெயர்களை விட்டுவிட்டு மற்றவற்றைப் புதியதற்குக் கொண்டுவந்தேன். கோட்லின் திருப்தியாகி அடுத்த வரிக்கு விட்டது.

எழில் கிரீஸ் கையோடு திரும்பி வந்தாள். ஓட்டிக் காட்டினேன். ஒரு முறைகூட நிற்கவில்லை. சக்தியின் போனில் ஏற்றினோம். அவர் எல்லாத் திரையையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "சூப்பருங்க" என்றார். அந்த வெற்றியைக் கொண்டாட உத்திரமேரூர் கடைத்தெருவில் பாய் கடைக்குப் போய் பிரியாணி சாப்பிட்டோம். தால்ச்சாவை மூன்றாம் முறை கேட்டபோது பரிமாறியவர், "எந்த ஊரும்மா நீங்க, இவ்ளோ நல்லா துன்றீங்க" என்று விசாரித்தார்.

அடுத்த நாள் அறுப்பு பார்க்கப் போனேன். எங்கள் நாட்டில் நெல் விளையும் கெடாப் பக்கத்துக்கு நான் போனதே இல்லை. ஐம்பது வயதில் முதல் முறையாக நெற்கதிரைக் கையில் பிடித்துப் பார்த்தேன். கோதண்டம் என்பவரின் கழனியில் இயந்திரம் போய்க்கொண்டிருந்தது. வரப்பில் தேவகி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அதே நீலத் தார்ப்பாய், புதுச் சாக்குகள், ஒரு தூக்கில் கூழ். என்னைக் கண்டதும் "பசியாறிட்டியா?" என்று கத்தினார். கூழும் வெங்காயமும் எனக்கும் கிடைத்தது. அவருடைய கழனி கோதண்டம் கழனிக்கு அந்தப் பக்கம், சாலையே தொடாமல் உள்ளே இருந்தது. கதிர் பழுத்துத் தலை சாய்ந்திருந்தது. "இவுரு முடிச்சதும் நம்மளுது" என்றார்.

கோதண்டம் கழனி முடிந்தது. இயந்திரம் திரும்பியது. எங்கள் பக்கம் வராமல், அதை ஏற்றிப்போக சாலையில் காத்திருந்த லாரியை நோக்கிப் போனது. தேவகி எழுந்து கையை ஆட்டினார். பிறகு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"நைனா, எங்க போற? என் கழனி கீது பாரு!"

சக்தி இறங்கிவந்து போனைக் காட்டினார். "அடுத்து காவாந்தண்டலம்னு வருதுங்க. உங்க பேரு இதுல இல்லீங்களே."

அவர் சொன்னது சரி. என் அழகான புதிய திரை பளிச்சென்று இருந்தது. கோதண்டத்துக்கு அடுத்து காவாந்தண்டலத்துக்காரர் ஒருவரின் பெயர். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தேவகியிடம் நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. "பதிவு பண்ணலையா தேவகி?" என்று கேட்டேன்.

"எழிலுதான போட்டுச்சு! கோதண்டம் அறுத்தப்புறம்னு சொல்லி, எதுர்லயே போட்டுச்சு."

எழிலுக்குப் போன் போட்டேன். தேவகி பெயர் திரையில் இல்லை என்றேன். "அக்கா, தேதி காலியா இருந்ததெல்லாம் இன்னா பண்ணீங்க?" என்றாள். சொன்னேன். "ஐயோ. அதெல்லாம் உள்கழனிக்கா. அவங்களுக்கு ஏது தேதி? முன்கழனி அறுத்தாத்தான் அது வழியா மெஷின் உள்ள போவும். முன்னாடி கீறவரு எப்பவோ, அதான் அவங்க நாளு. அதனாலதான் காலியா வுட்டு அவரு பேருக்குக் கீழ வெச்சிருந்தேன். ஓட்றவங்க பாத்து உள்ள போயிடுவாங்க."

அவள் குரல் தாழ்ந்தது. "நானும் உங்ககிட்ட சொல்லல. இங்க யாரும் இத்த சொல்றதில்லக்கா, எல்லாருக்கும் தெரியும்."

சக்தியிடம் மன்றாடினோம். காவாந்தண்டலத்துக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். அங்கேயும் கதிர் பழுத்திருந்தது, நெல் ஏற்ற லாரியும் வந்து நின்றுவிட்டது. நாளைக் காலையில் முதல் வேலையாகத் திரும்பிவருகிறேன் என்று சக்தி தேவகிக்கு வாக்குக் கொடுத்தார். விட்டுப்போன பெயர்கள் எல்லாவற்றையும் எழில் சொல்லச் சொல்ல, உத்தேசத் தேதியோடு வரப்பில் நின்றே ஏற்றினேன். தேவகி பெயருக்கு எதிரே மறுநாள் தேதியைப் போட்டேன். தேவகி தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "வுடு யக்கா, ஒரு நாளுதான" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

விடியும்போது மழை. தை மாதத்தில் இப்படிப் பெய்வது அபூர்வம் என்றார்கள், பெய்யாமலும் இல்லை என்றார்கள். எழில் வீட்டு மாடித் தகரத்தில் அது விழுகிற சத்தத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஈப்போவில் மழை பெய்யாத மாலை கிடையாது. மழையைப் பார்த்துப் பயந்தது வாழ்க்கையில் அன்றுதான். அடுத்த நாளும் விட்டு விட்டுப் பெய்தது. கழனி சேறானதில் இயந்திரம் இறங்க முடியவில்லை. தேவகியின் கதிர் தண்ணீரில் படுத்துக் கிடந்தது.

சேறு இறுகியதும் சக்தி சொன்ன சொல் தவறாமல் வந்து அறுத்துக் கொடுத்தார். தேவகி நீலத் தார்ப்பாயில் நெல்லைக் கொட்டிக் கிளறிக் கிளறிக் காயவைத்தார். ஒரு பிடியை ஈரச் சாக்கில் சுற்றி முளைக்கிறதா என்று பார்க்க வைத்தார். நான் ஊர் திரும்புவதற்கு முன்னால் அந்தச் சாக்கைப் பிரிக்கிற நாளும் வந்தது. கோதண்டமும் விதை கேட்டிருந்த இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். பிரித்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளை தெரிந்தது. மற்றவை மழையிலேயே முளைத்துக் கருகியவை, அல்லது ஊறிச் செத்தவை.  வந்தவர்களில் ஒருவர், நாங்க வெளிய பாத்துக்கறோம் தேவகி என்று நல்லவிதமாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். தேவகி தலையாட்டினார். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இன்னா யக்கா பண்றது, மழ வந்துச்சு" என்றார்.

மழைமேல் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. கோட்லின்மேலும் போட முடியாது. மற்றவர்களிடம் நான் எதைச் சொல்லி அதைப் புகழ்ந்தேனோ, அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தது. சரியான இடத்தில் நிறுத்தி, இது காலியாக இருக்கலாமா என்று கேட்டது. ஜாவா கேட்டிருக்காது. பெல்ட் மாட்டப் போன எழில் வரும்வரை காத்திருந்து அவளிடம் அந்தக் கேள்வியை நான் நீட்டியிருந்தால் போதும். பதில் எனக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன். எந்த மொழி எதற்கு வாரிசு என்று இத்தனை வருடம் நான் போட்ட சண்டையெல்லாம் அந்த ஈரச் சாக்கின் முன்னால் வெறும் பேச்சாகப் போய்விட்டது.

கிளம்பும் நாளில் விடைபெறப் போனபோது தேவகி வீட்டில் இல்லை. கூலி வேலைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். சரியான பேருந்தில்தான் ஏறினேன்.

எழில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்தாள். கோட்லினில் அது போதும், இந்த இடம் காலியாகவும் இருக்கலாம் என்று பொருள். கூடவே, யாருக்கு அடுத்து என்பதற்கும் ஓர் இடம் வைத்தாள். அடுத்த அறுப்பு தொடங்கியபோது எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். "ஒரு தடவகூட நிக்கல அக்கா. டிரைவருங்க எல்லாம் ரொம்ப சந்தோஷம்." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோதண்டம் பெயர் இருந்தது. அதற்குக் கீழே வேறு ஊர் வந்துவிட்டது.

தேவகி எங்கே என்று கேட்டேன். 

"கேட்டேன்க்கா. எம் பேரு போன்ல வேணாம்னுட்டாங்க. ஆளு வெச்சு கையாலயே அறுத்துக்கிறாங்களாம்."

கையால் அறுத்தால் கட்டுக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்துதான் வெளியே கொண்டுவர வேண்டும். கோதண்டத்தின் வரப்பு நீளமானது, நான் அதில் ஓடியிருக்கிறேன்.